தட்டின் பள்ளமும் எண்ணின் நிரலும்
அளவெட்டி இசைமரபை நிலைக்களனாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழரின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் அளவெட்டி என்னும் ஊரை விலக்கிச் செல்லுதல் இயலாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் அமைந்த இவ்வூர் கும்பிழாவளைப் பிள்ளையார் கோயிலாலும், கவிஞர் 'மகாகவி' உருத்திரமூர்த்தியாலும் (1927–1971) அறியப்பட்டது போலவே நாதஸ்வரத்தாலும் தவிலாலும் அறியப்பட்டதாகும். நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் (1931–2003) தம் பெயருக்கு முன்னே இவ்வூரின் பெயரையே தாங்கி நின்றார். இணுவிலிற் பிறந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) அளவெட்டியை வாழிடமாகக் கொண்டவர். கடல் கடந்து சென்று தமிழகத்து நாதஸ்வர மேதைகள் பலருக்கும் தவில் வாசித்துப் பெரும்புகழ் ஈட்டியவர். அம்ஷன் குமார் அவரைப் பற்றி இயக்கிய ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்குரிய இந்திய தேசிய விருதினைப் பெற்றமை, மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அக்கலைஞரின் பெயர் மங்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

எனினும் பெயர் வாழ்தல் வேறு. ஒலி வாழ்தல் வேறு. சிற்பியின் படைப்பு கல்லில் நிற்கும். புலவனின் படைப்பு ஏட்டில் நிற்கும். தவில் வாசிப்போ வீதியில் எழுந்து அவ்வீதியிலேயே அடங்கிவிடுவது. அதனைத் தேக்கி வைக்கும் ஆற்றல் மனிதனுக்குக் கிட்டி ஒன்றரை நூற்றாண்டே ஆகின்றது. அவ்வாறு தேக்கப்பட்ட ஒலியை இன்று எண்களாக மாற்றிக் காக்கும் முயற்சி உலகெங்கும் நடைபெறுகின்றது. இம்முயற்சியில், தட்டிலுள்ள பள்ளத்துக்கும் கணினியிலுள்ள எண்ணுக்கும் இடையே சிறியதொரு மின்சுற்று நிற்கின்றது. முன்விரியலாக்கி எனப்படும் அச்சிறு படியின் வரலாற்றையும், அது ஓர் ஊரின் இசை மரபுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தட்டு வந்த கதை

எடிசன் 1877இல் உருளையில் ஒலியைப் பதித்தார். பத்தாண்டுகளின் பின்னர், 1887இல், எமில் பெர்லினர் தட்டையான வட்டில் பக்கவாட்டாக நெளியும் பள்ளமாக ஒலியைப் பதிக்கும் கிராமபோனை உருவாக்கினார். 1902இல் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலிய பாடகியரின் குரலைப் பதிவு செய்தமை இந்திய இசைப்பதிவு வரலாற்றின் தோற்றுவாயாகக் கொள்ளப்படும். தட்டுகள் அரக்கினாற் செய்யப்பட்டன. அவ்வரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே உலகத் தொழிற்சாலைகளுக்குச் சென்றது.

நாதஸ்வரமும் தட்டில் ஏறியது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்த தோடி இராக ஆலாபனைத் தட்டு தமிழ் வழங்கும் நிலமெங்கும் ஒலித்தது. ஆனால், தட்டு தந்த வாய்ப்பு மிகக் குறுகியது என்பதை மறத்தலாகாது. பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். திருவிழா இரவில் மல்லாரியில் தொடங்கி இராகம், கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் எனப் பல மணி நேரம் விரியும் ஒரு கலைக்கு மூன்று நிமிடம் என்பது கடலைச் செம்பில் மொள்ளும் முயற்சியே. ஆலாபனையையேனும் சுருக்கித் தரலாம்; தவிலின் கணக்கோ சுருங்க மறுப்பது. ஆகவே தட்டுக் காலத்தில் நாதஸ்வரம் முன்னின்றது. தவில் அதன் நிழலில் நின்றது. 1948இல் நெடுநேரம் ஓடும் தட்டு வெளிவந்து, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட இசை அடங்கிய பின்னரே இந்நிலை ஓரளவு மாறியது.

ஈழத்திலே தட்டு பரவியமைக்கு வானொலி பெருந்துணையாயிற்று. 1925 டிசெம்பரில் கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயர் நிலைத்தது. 1967இல் அது கூட்டுத்தாபனம் ஆயிற்று. அதன் தமிழ்ச் சேவையைத் தமிழகத்து மக்களும் விரும்பிக் கேட்டனர். அந்நிலையத்து இசைத்தட்டுக் களஞ்சியம் ஆசியாவின் பெருங்களஞ்சியங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. வானொலி தட்டை ஒலிக்கச் செய்ததோடு அமையாது, கலைஞரை அழைத்து நாடாவிலும் பதிவு செய்தது. தட்டு, நாடா என்னும் இவ்விரண்டும் ஈழத்து மங்கல இசையின் ஒலிச்சான்றுகளைத் தாங்கி நிற்பனவாகும்.

பள்ளத்தின் இலக்கணம்

தட்டை எண்ணாக்குவோர் முதலில் அறிய வேண்டுவது பள்ளத்தின் இலக்கணமாகும். தட்டிற் பதிந்திருப்பது ஒலியின் நேர்ப்படி என்று கருதுதல் பொதுவழக்கு, அது உண்மையன்று. பள்ளத்திற் பதிந்திருப்பது வேண்டுமென்றே திரிக்கப்பட்ட ஒலியே.

இதன் காரணம் எளிய கணிப்பினாற் புலப்படும். வெட்டும் ஊசியின் உச்ச வேகம் செக்கனுக்கு 7 சென்ரிமீற்றர் எனக் கொள்வோமாயின், 1000 ஹேர்ட்ஸ் மீடிறனில் பள்ளம் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 மைக்குரோன் விலகும். ஒரு மைக்குரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்காகும். அதே வேகத்தில் 50 ஹேர்ட்ஸ் மீடிறனைப் பதித்தால் விலகல் இருபது மடங்காகி 220 மைக்குரோனைத் தாண்டும். நெடுநேரத் தட்டில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியோ ஏறத்தாழ 100 மைக்குரோனே. எனவே தாழ்ந்த ஒலிகளை உள்ளவாறே பதித்தால் ஒரு பள்ளம் அயற்பள்ளத்துள் பாய்ந்து தட்டே பாழாகும். இதனைத் தவிர்ப்பதற்காகப் பதிவின்போது தாழ்மீடிறன்கள் குறைக்கப்பட்டன. மறுபுறத்தில், தட்டின் உராய்விரைச்சல் உயர்மீடிறன்களிலேயே மிகுதியாக எழுவதால், அவ்வொலிகள் கூட்டிப் பதிக்கப்பட்டன. ஒலிக்கும்போது குறைத்ததைக் கூட்டியும் கூட்டியதைக் குறைத்தும் நேர் செய்தல் வேண்டும். இதுவே சமன்செய்தல் எனப்படுவது.

எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் நெடுங்காலம் ஒருமைப்பாடு இருக்கவில்லை. 1925இல் மின்முறைப் பதிவு தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு கம்பனியும் தன் வழியே சென்றது. பிரித்தானிய மரபில் வந்த அரக்குத் தட்டுகள் பலவற்றில் தாழ்மீடிறன் குறைப்பு 250 முதல் 300 ஹேர்ட்ஸ் அளவிலே தொடங்கும். உயர்மீடிறனில் கூட்டல் பெரும்பாலும் இராது. அமெரிக்கத் தட்டுகளில் இவ்வெல்லை 500 ஹேர்ட்ஸ் வரை செல்லும், கூட்டலும் உண்டு. 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்சங்கம் ஒரு பொது வளைவை வகுத்தது; உலகம் படிப்படியாக அதனை ஏற்றது. ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என வழங்கும் இது 3180, 318, 75 மைக்குரோசெக்கன் என்னும் மூன்று காலமாறிலிகளால் வரையறுக்கப்படும். இவை முறையே 50, 500, 2122 ஹேர்ட்சுக்கு ஒப்பானவை. இவ்வளவையின்படி ஒலிக்கும்போது, 1000 ஹேர்ட்சை நோக்க, 20 ஹேர்ட்ஸ் 19.3 தெசிபெல் உயர்த்தப்படும். 20,000 ஹேர்ட்ஸ் 19.6 தெசிபெல் தாழ்த்தப்படும். இரு முனைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 39 தெசிபெல். அஃதாவது வோல்ற்றளவிலே ஏறத்தாழத் தொண்ணூறு மடங்கு.

இவ்விடத்தில் தவிலின் அமைப்பு நினைவுகூரற்பாலது. பலாமரத்துக் கொட்டின் இடப்புறத்துத் தொப்பியைக் கழி கொண்டு அறைய ஆழ்ந்த முழக்கம் எழும். வலந்தலையில் கூடணிந்த விரல்கள் பட எழுவது கூர்மையான, கணப்பொழுதில் தோன்றி மறையும் ஒலி. ஒன்று வளைவின் கீழ்முனையில் நிற்பது. மற்றையது மேல்முனையில் நிற்பது. நாதஸ்வரத்தின் குழலோசையோ பெரும்பாலும் இடைப்பகுதியை நிரப்புவது. எனவே சமன்செய்தல் பிழைத்தால் முதலிற் சிதைவது தவிலே. 250 ஹேர்ட்ஸ் எல்லையோடு, உயர்மீடிறன் கூட்டப்படாது வெட்டிய பழைய அரக்குத் தட்டொன்றைப் பிற்காலத்து வளைவின்வழி ஒலித்தால், 10,000 ஹேர்ட்சில் ஏறத்தாழ 14 தெசிபெல் வீணே குறையும். தொப்பியின் முழக்கமோ வேண்டாத அளவுக்குத் தடிக்கும். கேட்போர் 'அக்காலத்துத் தவில் மந்தமாகவே ஒலித்தது' என்று முடிவு கட்டுவர். குற்றம் கலைஞருடையதன்று, தட்டினுடையதும் அன்று, இடைநின்ற மின்சுற்றினுடையதே.

முன்விரியலாக்கியின் வளர்ச்சி

தொடக்ககாலக் கிராமபோனுக்கு விரியலாக்கியே தேவைப்படவில்லை. உருக்கு ஊசியின் அதிர்வைத் தகடும் கொம்பும் நேரே காற்றுக்கு ஊட்டின. பின்னர் வந்த பளிங்கு ஊசித்தலை பள்ளத்தின் வீச்சத்தை ஒட்டி மின்னைப் பிறப்பித்தது. அதன் வெளியீடு பெரிதாகையாலும், அதன் இயல்பே வளைவை ஓரளவு நேர் செய்தமையாலும், தனியாகச் சமன்செய் படி வேண்டப்படவில்லை. மலிவான தட்டியக்கிகளில் நெடுங்காலம் இதுவே நிலவியது. எனினும் அதன் பாரம் பள்ளத்தைத் தேய்த்தது.

1940களின் பிற்பகுதியிலிருந்து காந்த ஊசித்தலைகள் பரவின. இவை வீச்சத்தையன்றி வேகத்தை ஒட்டி மின்னைப் பிறப்பிப்பவை, பாரம் குறைந்தவை, நுண்மை மிக்கவை. ஆனால் இவற்றின் வெளியீடு மிகச் சிறிது. அசையும் காந்த ஊசித்தலை செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 5 மில்லிவோல்ற்றையே தரும். அசையும் சுருள் வகையோ அதனிலும் பத்தில் ஒரு பங்கையே தரும். எனவே ஒலியைப் பெருக்குதலும் வளைவை நேர் செய்தலும் ஆகிய இரு கடமைகளையும் ஏற்ற முன்விரியலாக்கி பிறந்தது. முதலில் ஈ.சி.சி. 83 முதலிய வெற்றிட வாயில்களும், 1960களில் திரான்சிற்றர்களும், 1970களில் ஒருங்கிணைந்த சுற்றுகளும் இப்பணியை ஆற்றின. அத்தசாப்தத்தின் இறுதியில் வந்த 5534 என்னும் இரைச்சல் குறைந்த செயற்பாட்டு விரியலாக்கியும், அதன் இரட்டை வடிவமாகிய 5532உம் இன்றுவரை வழக்கில் உள்ளன.

வளைவை நேர் செய்யும் தடைகளினதும் கொள்ளளவிகளினதும் பெறுமானங்களைக் கணிப்பதில் நெடுநாள் ஒரு பிழை வழங்கிவந்தது. மூன்று காலமாறிலிகளையும் வலையின் மூன்று சோடிகளுக்கு நேரே பொருத்திவிடலாம் என்பது பலர் எண்ணம். வலையின் உறுப்புகளோ ஒன்றையொன்று பாதிப்பவை. 1979இல் ஸ்ரான்லி லிப்சிற்ஸ் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுறுத்தியது. சான்றாக, ஒரு தொடர்த்தடையின் பின் நிலத்துக்கு ஒரு சிறு கொள்ளளவியும், அதற்குச் சமாந்தரமாக ஒரு தடையும் பெருங்கொள்ளளவியும் தொடராக அமைந்த வலையைக் கொள்க. இங்கே தொடர்த்தடையும் பெருங்கொள்ளளவியும் தரும் பெருக்கம் 3180 அன்று. 2187 மைக்குரோசெக்கன் ஆகும். தொடர்த்தடையும் சிறு கொள்ளளவியும் 750ஐத் தரும். இரண்டாந் தடையும் பெருங்கொள்ளளவியும் 318ஐத் தரும். இம்மூன்றன் கூட்டுத்தொகை 3255. வளைவு வேண்டுவதும் 3180, 75 என்பவற்றின் கூட்டுத்தொகையாகிய 3255ஏ. பெருங்கொள்ளளவி 0.1 மைக்குரோபரட் ஆயின், இரண்டாந் தடை 3180 ஓமாகவும், தொடர்த்தடை 21,870 ஓமாகவும், சிறு கொள்ளளவி 0.0343 மைக்குரோபரட்டாகவும் அமைதல் வேண்டும். முன்னும் பின்னும் உள்ள படிகளின் தடையையும் இக்கணிப்பிற் சேர்த்தே நோக்குதல் முறை.

ஊசித்தலை எதிர்நோக்கும் சுமையும் இவ்வாறே கவனிக்கத்தக்கது. 47 கிலோ ஓம் என்பது பொதுவழக்கு. ஆனால் இணைப்புக் கம்பியின் கொள்ளளவை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஊசித்தலைச் சுருளின் தூண்டற்றிறன் அரை ஹென்றி எனவும், கம்பி உட்பட மொத்தக் கொள்ளளவு 200 பிக்கோபரட் எனவும் கொண்டால், இரண்டும் 16,000 ஹேர்ட்சை அண்மித்துப் பரிவுறும். கம்பி நீண்டு கொள்ளளவு இரட்டித்தால் பரிவு 11,000 ஹேர்ட்சை ஒட்டி இறங்கிவிடும். வலந்தலையின் கூர்மை வாழும் பகுதி இதுவே. வளைவை எத்துணை நுட்பமாகக் கணித்தாலும், கம்பியின் நீளம் அதனைக் கெடுத்துவிடக்கூடும்.

இனி மின்வழங்கலின் முரலல் ஒன்றுண்டு. இலங்கையின் மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ் மீடிறன் கொண்டது. வளைவோ அம்மீடிறனை 17 தெசிபெல், அஃதாவது ஏழு மடங்கு, உயர்த்துகின்றது. ஆகவே நில இணைப்பை ஒரு புள்ளியில் நிறுத்துதலும், மின்மாற்றியைச் சுற்றிலிருந்து தொலைவில் வைத்தலும், கூடுமாயின் மின்கலத்தால் இயக்குதலும் விரும்பத்தக்கன.

எண்ணிம மாற்றியின் வருகை

ஒலியை எண்ணாக்கும் எண்ணம் கணினியினும் மூத்தது. 1928இல் நைக்குவிஸ்ற் இதன் கோட்பாட்டு அடிப்படையைத் தொட்டார். 1937இல் அலெக் றீவ்ஸ் துடிப்புக் குறிமுறையைக் கண்டார். 1949இல் ஷனன் மாதிரியெடுப்புத் தேற்றத்தை நிறுவினார். 1982இல் இறுவட்டு விற்பனைக்கு வந்தபோது செக்கனுக்கு 44,100 மாதிரிகளும் 16 இருமவிலக்கங்களும் பொதுமக்கள் வழக்காயின. ஆவணக்காப்பைப் பொறுத்தவரை ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்தது 48,000 மாதிரிகளையும் 24 இருமவிலக்கங்களையும் பரிந்துரைக்கின்றது. 96,000 மாதிரிகளை விரும்பத்தக்கதெனக் கூறுகின்றது.

பெரிய ஒலிபெருக்கியை இயக்குவதற்கென வகுத்த முன்விரியலாக்கியை எண்ணிம மாற்றிக்கு அப்படியே பயன்படுத்தலாமா என்பதே இங்கு எழும் வினா. மாற்றியின் இயல்பு வேறு. நாடா மிகையொலியை மெல்ல நசுக்கி ஏற்கும். எண்ணிம மாற்றியோ தன் உச்சத்தைத் தாண்டியதைச் சட்டென வெட்டிவிடும். மாற்றியின் உச்சம் 2 வோல்ற்று எனக் கொள்க. 1000 ஹேர்ட்சில் 50 மடங்கு நயம் கொடுத்தால், 5 மில்லிவோல்ற்று 0.25 வோல்ற்றாகும், உச்சத்துக்கு இன்னும் எட்டு மடங்கு, அஃதாவது 18 தெசிபெல், இடம் எஞ்சும். இவ்விடத்தை வீணெனக் கருதுவோர் உளர். ஆனால் தவிலின் ஓர் அறைவு தன் சராசரியினும் பன்மடங்கு உயர்ந்து கணத்தில் அடங்குவது. தட்டின் கீறல் அதனினும் உயரக்கூடியது. 18 தெசிபெல் என்பது மூன்று இருமவிலக்கங்களே. நல்ல நெடுநேரத் தட்டின் இரைச்சல் இசைக்குக் கீழே 60 முதல் 70 தெசிபெலிலேயே நிற்கும். அரக்குத் தட்டில் அது இன்னும் நெருங்கி நிற்கும். 24 இருமவிலக்க மாற்றி இவ்வெல்லைகளை எளிதிற் கடந்து செல்வதால், மூன்று இருமவிலக்கங்களை ஈந்து பாதுகாப்பைப் பெறுதல் நட்டமன்று.

முன்னே நேர் செய்வதா, பின்னே நேர் செய்வதா

எண்ணிம மாற்றி வந்தபின் புதியதொரு வழி திறந்தது. வளைவைத் தடைகளாலும் கொள்ளளவிகளாலும் நேர் செய்யாது, பள்ளத்தின் ஒலியை உள்ளவாறே பெருக்கி எண்ணாக்கிவிட்டு, பின்னர் கணிப்பினால் நேர் செய்யலாம் என்பதே அது. இருசாராரும் தத்தம் கொள்கைக்குத் தக்க நியாயங்களைக் கூறுவர்.

பின்னே நேர் செய்வோர் கூறுவன மூன்று. முதலாவது, பழந்தட்டுகளின் வளைவு ஐயத்துக்குரியது. இன்று ஒரு வளைவைத் தேர்ந்து பதித்துவிட்டால் நாளை புதிய சான்று கிடைத்தபோது திருத்துதல் கடினம். இரண்டாவது, கீறலின் ஒலி சமன்செய் படியைக் கடந்தால் நீண்டு பரவும். கடவாதபோது கூர்மையாகவே நிற்பதால் அதனை இனங்கண்டு நீக்குதல் எளிது. மூன்றாவது, கணிப்பிலே உறுப்புகளின் பெறுமான வழு இல்லை.

முன்னே நேர் செய்வோரின் மறுப்பும் வலிமையுடையது. நேர் செய்யாத ஒலியில் தாழ்மீடிறன்கள் மிகத் தாழ்ந்து நிற்கும். பின்னர் 19 தெசிபெல் வரை உயர்த்தும்போது மாற்றியின் இரைச்சலும் உடன் உயரும். அப்பகுதியில் மூன்றுக்குச் சற்று மேற்பட்ட இருமவிலக்கங்கள் இழக்கப்படும். உயர்மீடிறன்களோ உச்சத்தை முட்டும். 16 இருமவிலக்கக் காலத்தில் இம்மறுப்பு தீர்ப்பாகவே இருந்தது. 24 இருமவிலக்கக் காலத்தில் அதன் வலிமை தளர்ந்தது. எனினும் உச்சம் முட்டும் அச்சம் நீங்கவில்லை.

இவ்வழக்கு தமிழ் மாணாக்கருக்குப் புதியதன்று. ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய காலத்தில் இதே வினா எழுந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, செல்லரித்த ஏடுகளின் பாடங்களை ஒப்புநோக்கித் தெளிய வேண்டியிருந்தது. ஏட்டிலுள்ளதை உள்ளவாறே பெயர்த்தெழுதுதல் ஒரு பணி. பாடந் தெளிந்து செம்மை செய்தல் மற்றொரு பணி. இரண்டும் வேண்டப்படுவன. ஆனால் முதலதைச் செய்யாது இரண்டாவதை மட்டும் செய்து மூல ஏட்டையும் இழந்துவிட்டால், பதிப்பாசிரியரின் பிழை என்றென்றும் நூலாசிரியரின் பிழையாகவே நிற்கும். நேர் செய்யாத எண்ணிமப் பதிவு ஏட்டின் பெயர்ப்பு; நேர் செய்த பதிவு செம்பதிப்பு. இவ்வொப்புமை வழக்கின் தீர்ப்பையும் காட்டிவிடுகின்றது. 1954இன் பொது வளைவில் ஐயமின்றி வெட்டப்பட்ட நெடுநேரத் தட்டை முன்னே நேர் செய்தலில் இழுக்கில்லை. வளைவு ஐயத்துக்குரிய அரக்குத் தட்டை நேர் செய்யாதே பதிதல் வேண்டும். எவ்வாறாயினும் செய்தது யாதென எழுதி வைத்தல் இன்றியமையாதது.

தவிலைப் பொறுத்து மற்றுமோர் எச்சரிக்கை உண்டு. கீறலை நீக்கும் கணினி நிரல்கள் கணப்பொழுதில் எழுந்து மறையும் கூரிய துடிப்பைக் கீறல் என்று கொள்பவை. வலந்தலையில் விழும் விரலடியும் அத்தகைய துடிப்பே. தவிலோசை அறியாதார் கையில் அந்நிரல் அகப்படின், கீறலோடு சொற்கட்டும் களையப்படும். ஆகவே இப்பணியில் மின்னியல் அறிந்தார் அருகே லயம் அறிந்தார் ஒருவரும் இருத்தல் வேண்டும்.

சுருதி அறிந்தாரும் வேண்டும். அரக்குத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று எனப் பொதுவாகக் கூறப்பட்டாலும், தொடக்ககாலத் தட்டுகளின் வேகம் வேறுபட்டது. 75 சுற்றில் வெட்டிய தட்டை 78இல் ஒலித்தால் சுருதி ஓர் அரைச்சுரத்தின் மூன்றில் இரு பங்கு உயரும், காலமும் விரையும். நாதஸ்வரத்தின் கட்டை எதுவென அறிந்த செவியே இதனைக் கண்டுகொள்ளும்.

அளவெட்டியை நோக்கி

இவையனைத்தும் அளவெட்டிக்கு எவ்வாறு பொருந்தும் என்பது இனி நோக்கற்பாலது. ஈழத்துக் கலைஞரின் வாசிப்பு தட்டைக் காட்டிலும் நாடாவிலேயே மிகுதியும் தங்கும் இயல்பினது. கோயிலிலும் திருமண வீட்டிலும் நிகழ்ந்த நெடுங்கச்சேரியை நாடாவே தாங்கவல்லது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கசற் நாடா இதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. நாடாவுக்கும் சமன்செய்தல் உண்டு. செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர் ஓடும் நாடாவில் அமெரிக்க அளவை 50 மைக்குரோசெக்கன்; ஐரோப்பிய அளவை 70. ஒன்றிற் பதித்ததை மற்றொன்றில் ஒலித்தால் உயர்மீடிறனில் 3 தெசிபெல் அளவுக்கு வேறுபடும். எனவே தட்டுக்குக் கூறிய நெறி நாடாவுக்கும் ஏற்றதே.

ஆனால் அளவெட்டியின் இடர் தொழினுட்பம் மட்டுமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1990க்குப் பின் குடாநாடு மின்சாரமின்றி நெடுங்காலம் இருண்டது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட அக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே மக்கள் வானொலி கேட்டனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. கையில் எடுத்துச் செல்லக்கூடியதை மட்டுமே எடுத்துச் சென்ற அவ்விரவுகளில், அரக்குத் தட்டையும் நாடாச்சுருளையும் முதலில் எடுத்தார் மிகச் சிலராகவே இருந்திருப்பர். எஞ்சியவை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வீட்டுப் பெட்டிகளுள் சிதறிக் கிடத்தல் இயல்பே. அரக்கு உடையும், நாடாவின் பூச்சு உதிரும், அவற்றை ஒலிக்கும் பொறிகளும் அருகும்.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி, ஈழத்து அச்செழுத்தைப் பல்லாயிரக்கணக்கில் எண்ணிமமாக்கி, கூட்டுழைப்பால் இத்தகைய பணி கைகூடும் என்பதை நிலைநாட்டியுள்ளது. ஆயினும் அச்சுப் பக்கத்தை ஒளிப்படமாக்குதலுக்கும் ஒலியை எண்ணாக்குதலுக்கும் வேறுபாடு உண்டு. பக்கம் மங்கலாக வந்தால் கண் உடனே கண்டுகொள்ளும். தவிலின் வலந்தலை மங்கி வந்தால், அக்கலைஞரை நேரிற் கேட்டவர் மட்டுமே அதனை அறிவர். தெட்சணாமூர்த்தி மறைந்தது 1975இல். அவரை நேரிற் கேட்டோர் நாளுக்கு நாள் குறைகின்றனர். பதிவைத் திருத்தும் சாட்சிகள் பதிவினும் விரைவாக மறைகின்றனர் என்பதே இங்குள்ள பெருந்துயரம்.

இதன் விளைவு வருங்காலத்தைச் சாரும். முன்பு தவில் கற்கும் மாணாக்கன் குருவின் அருகிருந்து கேட்டான். இன்று பழம்பதிவையும் குருவாகக் கொள்கின்றான். பதிவில் விரலடி மழுங்கியிருப்பின், மழுங்கிய விரலடியையே மரபெனக் கற்பான். ஒரு தலைமுறை கழிந்தபின் எது கலைஞரின் கை, எது கொள்ளளவியின் பிழை என்று பிரித்துக் கூற எவரும் இரார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். முன்விரியலாக்கி வெறும் பெருக்கியன்று. அது பள்ளத்தை வாசிக்கும் உரையாசிரியன். அதன் பெறுமானங்கள் பிழையறக் கணிக்கப்படல் வேண்டும். ஊசித்தலையின் சுமையும் நில இணைப்பும் பேணப்படல் வேண்டும். எண்ணிம மாற்றிக்கு முன்னே போதிய இடைவெளி விடப்படல் வேண்டும். ஐயத்துக்குரிய தட்டு நேர் செய்யாத வடிவிலும், கேட்போருக்காக நேர் செய்த வடிவிலும் என இருபடியாகக் காக்கப்படல் வேண்டும். எந்த ஊசி, எந்த வேகம், எந்த வளைவு என்பன ஒலியோடு சேர எழுதப்படல் வேண்டும். எண்ணாக்கிய பின்னரும் மூலத் தட்டு எறியப்படலாகாது, வன்தட்டுகளும் அழியக்கூடியவையே.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நல்லதொரு தட்டியக்கியும், சில செயற்பாட்டு விரியலாக்கிகளும், தேர்ந்தெடுத்த தடைகளும் கொள்ளளவிகளும், தரமான ஒரு மாற்றியும் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றின் எல்லைக்குள் அடங்குவன. பௌதிகவியல் மாணவரும் இசைத்துறை மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யத்தக்க பணி இது. அளவெட்டியின் முதுகலைஞர் ஓரிருவரையும் அம்மேசைக்கு அழைத்து, எண்ணாக்கிய ஒலியை அவர் செவிக்கு இட்டு, 'அக்கை இதுதானா?' என்று கேட்டுத் தெளிதல் அளவுகருவி எதனினும் மேலான சோதனையாகும். அச்செவிகள் இருக்கும்பொழுதே அது நிகழ்தல் வேண்டும்.